மூன்றாவது புள்ளி குடியாத்தம்

கணக்கு சாருக்கு எண்பது வயது நிறைகிறதாம். விழா எடுக்கிறீர்கள், சிறப்பு மலர் அச்சுப் போடுகிறீர்கள். பழைய மாணவிகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று நம் வகுப்புக் குழுவில் செய்தி போட்டிருக்கிறீர்கள். அந்தக் காலத்து வாத்தியார் மாதிரி இனி வருமா என்று ஒருத்தி எழுத, கீழே முப்பது பேர் கைகூப்பும் பொம்மையைப் போட்டிருக்கிறீர்கள். நானும் எழுதுகிறேன். அச்சிட மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். நமக்கெல்லாம் அறுபதை ஒட்டி வயதாகிவிட்டது. இதற்கு மேலும் ஒருத்திக்கு ஒருத்தி பொய் சொல்லிக்கொண்டு என்ன சம்பாதிக்கப் போகிறோம்?

பத்தாம் வகுப்பில் பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று தொடங்கியது அது. ரிவிஷன். படித்ததைத் திரும்பப் பார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். முதல் தடவையே பார்க்காததை எப்படித் திரும்பப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை. காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். நம் ஆம்பூர்ப் பள்ளியில் வகுப்பறை ஜன்னல் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டிகள் இருந்தது நினைவிருக்கிறதா? வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறும். வெளியூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே நம்மிடம் கேள்வி கேட்டார். நமக்கு அது வெறும் காற்று. இன்று கூட பச்சைத் தோல் வாடை எங்காவது அடித்தால் என் மனசுக்குள் முதலில் வருவது பிதாகரஸ் தேற்றம்தான்.

சாரைப் பற்றி நீங்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும். கண்டிப்பு, அக்கறை, தியாகம். நான் பார்த்ததைச் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டுக்குள் செய்தித்தாள் அட்டை போட்ட ஒரு கைடு வைத்திருப்பார். கரும்பலகையில் அவர் எழுதிய எந்தக் கணக்கையும் அவர் போட்டதில்லை. பார்த்து எழுதினார். ஒரு திங்கட்கிழமை பதிவேட்டைத் திறந்தவர் மூன்று முறை பக்கம் புரட்டினார், பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்தார், பிறகு நம்மைப் பார்த்து, "இன்னிக்கு மனசுக்குள்ள படிக்கணும். சத்தம் வரக்கூடாது" என்றார். முக்கால் மணி நேரம் இயற்கணிதத்தை நாம் மனசுக்குள் வாசித்தோம். அவர் ஜன்னல் வழியாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைடு வீட்டிலேயே தங்கிவிட்டது.

அரையாண்டு மதிப்பெண்ணை வைத்து நம்மை இரண்டாகப் பிரித்தார். மின்விசிறிக்குக் கீழே பாஸ் வரிசை. ஜன்னல் ஓரம் சந்தேக வரிசை. அந்தப் பெயர்களை அவர்தான் வைத்தார், நாமும் வெட்கமே இல்லாமல் அப்படியே கூப்பிட்டுக்கொண்டோம். நான் சந்தேக வரிசை. அதில் அநியாயம் எதுவும் இல்லை. எனக்குக் கணக்கு வராது. என் ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸ் திருகு கழன்று, நூல் சுற்றி வைத்திருந்தேன். வட்டம் போட்டால் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. ரஃப் நோட்டு, அப்பா வேலை பார்த்த ஷூ கம்பெனியின் பழைய டைம் கார்டுகளைத் தைத்தது. மஞ்சள் அட்டை, ஒரு பக்கம் யார் யாரோ உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். மறுபக்கம் என் தப்புக் கணக்குகள். அந்த நோட்டு எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை.

சந்தேக வரிசைக்கு மருந்து ஒன்றுதான். பத்து தேற்றம், ஐந்து செய்முறை வடிவியல், இரண்டு வரைபடம். புரிய வேண்டாம், மனப்பாடம் செய்தால் போதும். எழுத்து, கோடு, காற்புள்ளி உட்பட. "முப்பத்தஞ்சு வாங்கினா போதும். மூளைக்கு வேல குடுக்காதீங்க, உங்களுக்கு அது ஆவாது" என்பார். நாங்கள் தலையாட்டினோம். ஒவ்வொரு தேற்றத்தையும் பத்து முறை எழுதினோம். ஏ பி சி ஒரு செங்கோண முக்கோணம் என்று தூக்கத்திலும் சொல்வேன். செங்கோணம் எது என்று கேட்டால் விழிப்பேன்.

நம்மோடு ஒருத்தி படித்தாள். அவள் முதலில் பாஸ் வரிசையில்தான் இருந்தாள். பேரணாம்பட்டு பஸ்ஸில் வருகிறவள், ஒல்லியாக, காது வரை எண்ணெய் வழிய இரட்டைச் சடை. உங்களில் பாதிப் பேருக்கு மறந்திருக்கும், அல்லது மறந்த மாதிரி இருக்க வசதியாக இருக்கும். ஒருநாள் சார் கூம்பின் வளைபரப்பு போட்டார். ஆரம் ஏழு, சாயுயரம் இருபத்தைந்து. கடைசி வரியில் ஐநூற்று ஐந்து என்று எழுதி அடிக்கோடு போட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"சார், ஐநூத்தி அம்பது சார்."

"விடை ஐநூத்தி அஞ்சு."

"இருபத்திரெண்ட இருபத்தஞ்சால பெருக்கினா ஐநூத்தி அம்பது தான சார் வருது."

சார் பதிவேட்டைக் கொஞ்சம் திறந்து, உள்ளே பார்த்து, மூடினார். "கணக்க அச்சுப் போட்டவங்க உன்ன விட படிச்சவங்க. உக்காரு."

நாம் எல்லாரும் ஐநூற்று ஐந்து என்று எழுதினோம். எனக்காவது பெருக்கத் தெரியாது. பெருக்கத் தெரிந்த பாஸ் வரிசை முழுக்க எழுதியது, இன்று கைகூப்புகிற அந்தக் கைகளால். மறுநாள் காலை பஸ் தாமதமாகி அவள் ஸ்பெஷல் கிளாஸுக்கு எட்டு மணிக்கு வந்தாள். ஒழுங்கு இல்லாதவர்களுக்கு மின்விசிறி கிடையாது என்று அவளை ஜன்னல் ஓரம், என் பெஞ்சுக்கு அனுப்பினார்.

அவள் வந்து உட்கார்ந்த முதல் மத்தியானம், நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தேற்றத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு இத மனப்பாடம் பண்ற?" என்றாள்.

"சார் சொன்னாரு."

"ஏ, பி, சி எல்லாம் பேரு தான். வேற பேரு வெச்சா முக்கோணம் ஓடிடுமா?"

என் டைம் கார்டு ஒன்றைத் திருப்பி மூன்று புள்ளி வைத்தாள். "இது ஆம்பூரு. இது பேரணாம்பட்டு. மூணாவது புள்ளி குடியாத்தம். இங்கிலீஷ் எழுத்துல ஏ, பி, ஜி. பேரணாம்பட்டுல செங்கோணம்னு வெச்சிக்கோ. நெஜத்துல இருக்காது, சும்மா வெச்சிக்கோ. ஆம்பூர்லருந்து பேரணாம்பட்டு வந்து, அங்கருந்து குடியாத்தம் போறது ஒரு வழி. ஆம்பூர்லருந்து நேரா குடியாத்தம் போனா அது கர்ணம். இப்ப பேரணாம்பட்டுலருந்து அந்த நேர் ரோட்டுக்கு ஒரு குறுக்கு ரோடு போடு. செங்குத்தா. இன்னா ஆச்சி?"

"ரெண்டு முக்கோணம் ஆச்சு."

"ரெண்டும் பெருசு மாதிரியே இருக்குதா?"

பார்த்தேன். இருந்தது. அளவு மட்டும்தான் சிறிது, சாடை ஒன்றுதான். நாள் முழுக்க ஒப்பித்துக்கொண்டிருந்த வரிகள், வடிவொத்தவை, விகிதச் சமம் என்று வாயில் மட்டும் இருந்த சொற்கள், அந்த மஞ்சள் அட்டையில் உட்கார்ந்தன. எனக்குக் கோபம் வந்தது என்றால் நம்புவீர்களா? இவ்வளவுதானா, இதற்கா என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள் என்று. கோபம் அந்த மத்தியானத்தோடு போய்விட்டது. நான் அப்படிப்பட்டவள்தான்.

ஒரு மாதம் அவள் மத்தியானங்களில் எனக்குச் சொன்னாள். பிறகு மாதிரித் தேர்வு வந்தது. பிதாகரஸ் தேற்றத்தைக் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததுதான். பேனாவை எடுத்ததும் ஒன்றும் இல்லாமல் போனது. மனப்பாடம் செய்ததும் வரவில்லை, புரிந்ததும் வரவில்லை. பக்கத்தில் அவள் எழுதி முடித்திருந்தாள். அவள் தாள் என் பக்கம் சாய்ந்திருந்தது. பார்த்து எழுதினேன். ஒரு வரி விடாமல், அவள் போட்ட ஏ பி ஜி உட்பட.

இரண்டு நாள் கழித்து சார் எங்கள் இருவரையும் ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். இரண்டு தாளும் மேஜையில் இருந்தன.

"ஏ பி சி தான சொல்லிக் குடுத்தேன். ஜி எங்கருந்து வந்துது?" என்று அவளைக் கேட்டார்.

"குடியாத்தம் சார்" என்றாள்.

பக்கத்து மேஜை ஆசிரியை சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. கிண்டல் செய்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தால் அவள் விளக்கியிருப்பாள். அவர் கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. என் அப்பா அந்த ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸ் கிளார்க், பெற்றோர் சங்கத்தில் பொருளாளர்.

"நீ பயப்படாத மா. உன்னுத பாத்து இவ எழுதிட்டாளா?"

என்னிடம் ஜி எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குடியாத்தம் என்றே சொல்லியிருப்பேன், அதுவும் அவள் சொன்னதுதான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். லேசாகத்தான் ஆட்டினேன் என்று நாற்பது வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லேசாக ஆட்டினால் என்ன, பலமாக ஆட்டினால் என்ன. அவர் அவள் தாளில் பெரிய பூஜ்ஜியம் போட்டார். நன்றாக வட்டமாக இருந்தது. கணக்கில் அவர் சொந்தமாகப் போட்டதை நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த ஆண்டு பள்ளிக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியையான பெரிய டீச்சருக்கு ஆசை. அதற்கு சார் ஒரு வழி கண்டுபிடித்தார். கணக்கு ஆசிரியர் அல்லவா. தேர்வு எழுதாதவர்கள் கழித்தலில் போய்விடுவார்கள், தோற்றவர்களில் சேர மாட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் ஏழு பேரின் பெற்றோரை வரச் சொன்னார். உடல்நலக் குறைவால் தேர்வு எழுத இயலவில்லை என்று எழுதி வைத்த காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஹால் டிக்கெட்டைக் கொடுக்காமல் நிறுத்திவைப்பது. அக்டோபரில் தனியாக எழுதிக்கொள்ளட்டும். பூஜ்ஜியம் வாங்கியவள் அந்த ஏழில் ஒருத்தி. நான் இல்லை.

அன்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் அம்மா மத்தியான இடைவேளையில், அப்பா வேலை பார்த்த அதே ஷூ கம்பெனியிலிருந்து ஓடி வந்திருந்தார். பேஸ்டிங் பகுதியில், தோலை ஒட்டும் வேலை. விரல் நுனிகளில் சொல்யூஷன் பசை காய்ந்து தோல் உரிவது போல் தொங்கியது. அதைப் பிய்த்துக்கொண்டே நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவள் சுவரோரம் நின்றாள். பெரிய டீச்சருக்கு அடுத்த நாற்காலியில் என் அப்பா.

"இன்னா சார் எழுதியிருக்குது இதுல?" என்றார் அவள் அம்மா.

"உடம்பு சரியில்லாததால பரீட்ச எழுத முடியலன்னு."

"அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லியே."

"எழுதினா பெயில் தான் மா. காப்பி அடிச்சி மாட்டினவ. உங்க நல்லதுக்கு தான் சொல்றோம்."

அந்த அம்மா காகிதத்தைத் திரும்ப மேஜையில் வைத்தார். "எழுதறது அவ. பெயில் ஆனா ஆவறதும் அவ. உங்களுக்கு இன்னா சார் பேஜாரு?"

அந்த அறையில் அன்று பேசப்பட்ட ஒரே அறிவுள்ள வார்த்தை அது. பெரிய டீச்சர் கூரையைப் பார்த்தார். சார் என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவருடைய நல்ல குரலில் சொன்னார்:

"நான் சொல்றேன், போடு மா. நீ கம்பெனி கேட்டுக்குப் போறதுக்குள்ள சங்கு ஊதிடும். லேட்டுன்னு வராம நான் பாத்துக்கறேன்."

வேறொன்றும் சொல்லவில்லை. வேறு எதுவும் சொல்லத் தேவையும் இல்லை. தினமும் காலையில் அவருடைய கார்டு என் அப்பாவின் மேஜை வழியாகத்தான் போகிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். சுவரோரம் இருந்து அவள் பேசினாள்.

"போட்டுட்டு கெளம்புமா. உனக்கு நேரமாவுது."

கையெழுத்துப் போட்டார். பேனாவில் சொல்யூஷன் ஒட்டிக்கொண்டது. அவர் வெளியே போனதும் சார் அதைத் துணியால் துடைத்தார். நான் தண்ணீர்த் தம்ளரை நீட்ட மறந்திருந்தேன். சாயங்காலம் அப்பா அம்மாவிடம், ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இன்று அரை நாள் சம்பளம் போகாமல் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டே காபி குடித்தார். அவர் அதை உண்மையாகவே நம்பினார். சாகும் வரை தன்னை நல்ல மனிதர் என்று நம்பியவர். வீட்டில் நாங்கள் யாரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

கணக்குப் பரீட்சை அன்று எனக்கு முன்னால் இருந்த பெஞ்சு காலி. மேசையில் அவள் எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. வெளியூரிலிருந்து கண்காணிக்க வந்த ஆசிரியர், அரை மணி பார்த்துவிட்டு, சிவப்பு மையில் எதையோ குறித்துக்கொண்டு அவளுக்கு வைத்திருந்த வினாத்தாளை மடித்து எடுத்துப் போனார். பிதாகரஸ் வந்திருந்தது. இந்தத் தடவை எனக்கு மறக்கவில்லை. ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் என்று புள்ளி வைத்து, குறுக்கு ரோடு போட்டு, முழுதாக எழுதினேன். முகம் தெரியாத யாரோ ஒருவர் திருத்தி முழு மதிப்பெண் போட்டிருக்கிறார். அவருக்கு ஜி எங்கிருந்து வந்தது என்று கவலை இல்லை. நாற்பத்தொன்று வாங்கித் தேறினேன்.

தொடுகோட்டுக் கணக்கில் முக்கோணத்துக்கு ஏ பி சி இல்லாமல் பி க்யூ ஆர் என்று கொடுத்திருந்தார்கள். சந்தேக வரிசையில் பாதி பேர் வெளியே வந்து அழுதது நினைவிருக்கும். நடத்தாததைக் கேட்டுவிட்டார்கள் என்றார்கள். வாசலில் வினாத்தாளை வாங்கிப் பார்த்த சார், "ஆமாமா, இது சிலபஸ்லயே இல்ல" என்றார். முக்கோணத்துக்கு வேறு பெயர் வைத்தது சிலபஸில் இல்லை. இவருக்குத்தான் நீங்கள் சால்வை வாங்கப் போகிறீர்கள்.

எப்படியோ எழுதிய எல்லாரும் தேறினோம். நூற்றுக்கு நூறு என்று பள்ளிச் சுவரில் பெயின்ட்டில் எழுதினார்கள். சாரை மேடையேற்றினார்கள், அப்பா மாலை போட்டார். அந்த ஏழு பேரில் நாலு பேர் அக்டோபர் வருவதற்குள் கல்யாணமாகிப் போனார்கள். நான் மேலே படித்து, தபால் இலாகாவில் சேர்ந்து, ஓய்வும் பெற்றேன். படிவத்தில் எஸ்எஸ்எல்சி, தேர்ச்சி என்று நிரப்பும்போதெல்லாம் ஒரு முள் தட்டும். அவ்வளவுதான், தட்டிவிட்டுப் போய்விடும்.

உங்கள் குழுச் செய்தி வந்த வாரம் பேரணாம்பட்டுக்குப் போனேன். தேட வேண்டியிருக்கவில்லை. அவள் பெயரைச் சொன்னதும், ஷூ கம்பெனியில் பேட்டர்ன் செக்ஷனில் இருந்தவங்களா என்று கேட்டு டீக்கடையிலேயே வழி சொன்னார்கள். மாடி வைத்த சிறிய வீடு. தரையில் செய்தித்தாளை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேத்தியின் கவுனுக்கு அளவு வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பெயரைச் சொன்னேன்.

"ஓ, நீயா. உக்காரு" என்றாள். கத்திரி நிற்கவில்லை.

அக்டோபரில் வேலூரில் போய் எழுதினாளாம். கணக்கில் எண்பத்தெட்டாம். அம்மா ஒரு நாள் லீவு போட்டுக் கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தாராம். பிறகு கம்பெனி, முப்பத்தைந்து வருஷம். ஒரு தோலில் எத்தனை ஜோடி வெட்டலாம் என்று பார்த்ததுமே சொல்வாளாம். இதையெல்லாம் நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குச் சொல்வது போல.

நான் சொன்னேன். "மாடல் எக்ஸாம்ல நான் தான் பாத்து எழுதினேன்."

"தெரியும். தாள திருப்பி வெச்சதே நான் தான."

"சார் கேட்டப்ப நான் தலையாட்டிட்டேன்."

"பக்கத்துல தான நின்னேன்."

"ஏன் நீ ஒண்ணும் சொல்லல?"

கத்திரியை வைத்தாள். யோசித்தாள், நிஜமாகவே நினைவில் தேடுகிறவள் போல. "நீ சொல்லுவேன்னு நெனச்சேன். ரெண்டு நாள் நெனச்சேன். அப்பறம் விட்டுட்டேன்."

"என்ன மன்னிச்சிடு" என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். இந்த வயதில் கண்ணீர் சுலபமாக வருகிறது, அதற்கு மரியாதை ஒன்றும் இல்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை முதன்முறையாக முழுசாகப் பார்த்தாள். "மன்னிக்கணும்னா இத்தினி வருஷம் உன்ன நெனச்சினு இருந்திருக்கணும். எனக்கு வேல இருந்துச்சி" என்றாள். குரலில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

செய்தித்தாளைத் தன் பக்கம் இழுத்து, விட்ட இடத்திலிருந்து வெட்டத் தொடங்கினாள்.  நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். வந்தவர்களை வாசல் வரை வந்து அனுப்பிவைப்பது நம் பக்கத்து வழக்கம். அவள் வரவில்லை.